வெயிலுக்கு வெட்டிய கூலி

போன மாதம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் என்னை ஐந்து நிமிடம் சாட்சி சொல்லச் சொன்னார்கள். தொழில் செய்கிற இடத்தில் விசுவாசம் என்பது தலைப்பு. எழுந்து நின்று, கர்த்தர் இதுவரை நடத்தினார் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஐந்து நிமிடத்தில் அடங்காது. அடக்கினால் பொய்யாகிவிடும். நம் சாட்சிகளுக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு: கஷ்டம் வந்தது, நேர்மையாக நின்றேன், கர்த்தர் இரட்டிப்பாகத் தந்தார். என் கதையில் நான் நேர்மையாக நிற்கவில்லை. இரட்டிப்பாக எதுவும் வரவும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

மதுரை அனுப்பானடிப் பக்கம் எங்களுக்கு ஒரு அப்பளப் பட்டறை இருக்கிறது. என் கணவர் ஆரம்பித்தது. 2011ல் அவர் மாரடைப்பில் போனபோது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வணிகவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறையை விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காரியம் முடிந்த மறுநாள் முப்பத்துநாலு பெண்களும் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தார்கள், அழுதார்கள், போகும்போது ஒருவர் மட்டும் வாசலில் திரும்பி, “திங்கக்கிழமை மாவு அரைச்சு வைக்கவா?” என்றார். பள்ளிக்கூட வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் டீச்சர்தான். வயதில் எனக்கு மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்பள வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் என்கிற கார உப்பு, அவ்வளவுதான் சரக்கு. காரத்தையும் உப்பையும் தண்ணீரில் கொதிக்கவைத்து, தெளியவைத்து, அந்தத் தண்ணீரில்தான் மாவைப் பிசைய வேண்டும். பிசைந்ததை இடிக்க வேண்டும். எவ்வளவு இடிக்கிறோமோ அவ்வளவு மாவு இழுக்கும், அவ்வளவு அப்பளம் பொரியும். அப்புறம் கயிறு மாதிரி உருட்டி, நூலால் துண்டு போட்டு, அரிசி மாவு தொட்டுத் தேய்த்துக் காயவைப்பது. எங்களிடம் பன்னிரண்டு பேர் பட்டறையிலேயே இருந்து பிசைவது, இடிப்பது, பாக்கெட் போடுவது எல்லாம் செய்வார்கள். மற்ற இருபத்திரண்டு பேர் காலையில் வந்து மாவை எடை போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தேய்த்து, மொட்டை மாடியிலோ வாசலிலோ துணி விரித்துக் காயவைத்து, மறுநாள் கொண்டுவருவார்கள்.

ஐந்து கிலோ பிசைந்த மாவு கொடுத்தால் மூன்று கிலோ எண்ணூறு கிராம் அப்பளம் திரும்பி வர வேண்டும் என்பது என் கணவர் காலத்துக் கணக்கு. குறைந்தால் ஐம்பது கிராமுக்கு எட்டு ரூபாய் கூலியில் வெட்டுவோம். மாவை யாரும் வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவர் வைத்த ஏற்பாடு. நான் வந்த பிறகும் அதை அப்படியே தொடர்ந்தேன். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘குறை’ என்று ஒரு பத்தி. அதில் சிவப்பு மையில் எழுதுவேன். பரீட்சைத் தாளில் தப்புப் போட்டுப் பழகிய கை. எனக்கு அதில் எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

2015 தீபாவளி சமயத்தில் பருப்பு விலை போன போக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்துப்போனது. துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உளுந்து 150ஐத் தாண்டிவிட்டது. பர்மா உளுந்தும் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆனால் பாக்கெட் விலையை ஏற்றினால் கடைக்காரர் எடுக்கமாட்டார். பக்கத்திலேயே இன்னொரு அப்பளம் பழைய விலைக்குத் தொங்குகிறது. மைதா கலக்கச் சொல்லி யோசனை சொன்னவர்கள் உண்டு. நான் கலக்கவில்லை. மைதா கலந்த அப்பளம் எண்ணெயில் போட்டதும் விரியும்; ஆனால் வாயில் வைத்தால் உளுந்தின் அந்த வாசம் இருக்காது. எங்கள் பாக்கெட்டில் உளுந்து என்று போட்டிருக்கிறது, உள்ளே உளுந்துதான் இருக்கிறது என்று அந்த நாட்களில் ஜெபத்தில்கூட ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது தெரிகிறது. ஒரு பாவத்தைச் செய்யாமல் விட்டதைக் காட்டியே இன்னொன்றைச் செய்துகொண்டேன்.

கணக்குப் பார்க்கிற தம்பி ஒருநாள் சாயங்காலம் சொன்னார். “டீச்சர், நூறு கிராம் பாக்கெட்ல நாலரை கிராம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம்னு சட்டத்திலேயே இருக்கு. தொண்ணூத்தேழுல நிறுத்துவோம். யாருக்கும் தெரியப்போறதில்ல, தப்பும் இல்ல.”

2011ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளில் அந்த நாலரை கிராம் இருப்பது உண்மை. ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மொத்தச் சரக்கின் சராசரி எடை, பாக்கெட்டில் அச்சடித்த எடைக்குக் குறையவே கூடாது. ஒரு பாக்கெட் 97 இருந்தால் இன்னொன்று 103 இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கை தவறுவதற்குக் கொடுத்த இடம் அது. வணிகவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த இரண்டாவது பாதியும் தெரியும். தெரிந்துகொண்டே, “சரி, செய்ங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். மாதம் பிறந்ததும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். பதினோரு மாதம் இப்படி ஓடியது.

2016 செப்டம்பர் கடைசி. புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. வெயில் சித்திரை மாதிரி அடித்தது. ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூலி போட உட்கார்ந்தேன். எங்களிடம் அதிக வருடம் வேலை பார்த்தவர் சிந்தாமணியிலிருந்து வருகிறவர். பட்டறையில் சிந்தாமணி அக்கா என்றுதான் பெயர். அறுபதை நெருங்கும் வயது. குழவிக்கட்டையை அழுத்தி அழுத்தி வலது கை கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். உள்ளங்கை ரேகையில் அரிசி மாவு ஏறி, கை கழுவிய பிறகும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அவர் பெயருக்கு நேரே அந்த வாரம் நூறு கிராம் குறை. பதினாறு ரூபாய் வெட்டிவிட்டு மீதியை நீட்டினேன்.

அவர் பணத்தை வாங்கவில்லை. திரும்பிப் போய், பாக்கெட் போட்டு அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மாவு எடை போடுகிற அதே தராசில் வைத்தார். சிவப்பு எழுத்தில் 97 என்று வந்தது. அதை எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தார். 96. மூன்றாவது, 97. மூன்று பாக்கெட்டையும் என் மேசைமேல், நோட்டுக்குப் பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“டீச்சர், இத யாரு கூலியில வெட்டுறது?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற யாரும் பேசவில்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் அவரே சொன்னார்: “நான் மாவத் திங்கல டீச்சர். வெயில் திங்குது. இந்த வெயில்ல ஒரு மணி நேரம் கூடுதலாக் கெடந்தா நூறு கிராம் போயிரும். கார்த்திகையில கூடத்தான வருது, அப்ப நீங்க கூடக் குடுக்கலையே.”

அவர் சொன்னது அத்தனையும் எனக்குத் தெரிந்த விஷயம். ஈரம் குறைந்தால் எடை குறையும் என்பதை என் பாக்கெட்டுக்காக நான் நன்றாக யோசித்திருக்கிறேன். கடையில் தொங்கினால் எவ்வளவு காயும், எந்த மாதத்தில் எவ்வளவு போகும் என்று பேசியிருக்கிறேன். அந்தப் பெண்கள் கொண்டுவருகிற அப்பளத்துக்கு அதே வெயில்தான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வேதத்தில் உபாகமம் 25ம் அதிகாரத்தில், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதமான நிறைகற்களை வைத்திருக்காதே என்று இருக்கிறது. அந்த வசனத்தை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். பழைய காலத்து மோசடி வியாபாரி ஒருவன் இரண்டு கல் வைத்து ஏமாற்றினான் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறேன். என் பட்டறையில் ஒரே தராசுதான். கொடுக்கும்போது ஒரு கணக்கு, வாங்கும்போது ஒரு கணக்கு. இரண்டு கல் இருந்தது என்னிடம்தான்.

அந்தப் பதினாறு ரூபாயைக் கொடுத்தேன். அன்றைக்கு யாருக்கும் வெட்டவில்லை. வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளைக்கு இரண்டாயிரம் பாக்கெட். மூன்று கிராம் என்றால் ஆறு கிலோ. மாதம் இருபத்தைந்து வேலை நாளுக்கு 150 கிலோ. பதினோரு மாதத்துக்கு 1,650 கிலோ. அன்றைய மொத்த விலை கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் 2,97,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு, 29,700 ரூபாய், காணிக்கைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இந்தக் கடைசித் தொகைதான் என்னைத் தூங்கவிடவில்லை. திருடிவிட்டு அதில் ஆண்டவருக்கும் பங்கு கொடுத்திருக்கிறேன்.

என் மாமியாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பசுமலையில் பிறந்து வளர்ந்தவர். ராத்திரி படுக்கும் முன் பூதக்கண்ணாடி வைத்து வேதம் வாசிப்பார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சகேயு கதை எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி, அவர் கூப்பிட்டதும் இறங்கி வந்து, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன வரிவசூல்காரன். “நாலு மடங்குன்னா பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு கிராம் கூடப் போடணும் அத்தை. மாசம் ஒரு லட்சத்துக்கு மேல ஆகும். பட்டறையையே மூடணும். முப்பத்துநாலு பேருக்கு வேலை போயிரும்” என்றேன். அத்தை கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “சகேயு கணக்குப் பாத்துட்டா மரத்தவிட்டு எறங்குனான்?” என்று கேட்டார். அவ்வளவுதான் சொன்னார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் சேகர ஆயரை, அதாவது சபைப் போதகரைப் பார்த்தேன். மன்னிப்பு கிடைக்கும், மனம் லேசாகும் என்ற எண்ணத்தோடுதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முழுவதும் கேட்டார். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் ஒன்று சொன்னார். “அம்மா, இனிமே கொஞ்ச நாளைக்குக் காணிக்கை கொடுக்காதீங்க. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால வச்சிட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னுதான் ஆண்டவர் சொன்னார். அந்தப் பணத்தை அவங்களுக்குக் கொடுங்க. எத்தனை மாசம் ஆகுமோ ஆகட்டும்.”

சபைக்கு அப்போது கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. பணம் தேவைப்பட்ட நேரம். அந்த நேரத்தில் ஒரு போதகர் இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

சொல்வது எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் மர வளையத்தில் தைத்த அந்தச் சிவப்பு வெல்வெட் பை வரிசையில் கை மாறி வரும். நான் வாங்கி, வெறுங்கையோடு அடுத்தவரிடம் நகர்த்துவேன். பக்கத்தில் உட்கார்கிறவர் கவனிக்கிறார் என்று தெரியும். என் கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்த ஆலயத்தில் உட்கார்கிற குடும்பம். முதல் மூன்று வாரம் அந்தப் பாட்டு வரும்போது எனக்கு வியர்த்துவிடும். கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பை என் கையில் எத்தனை விநாடி இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

சரி, திருப்பிக் கொடுக்கிற விஷயம். பாக்கெட் வாங்கியவர்கள் யாரென்றே தெரியாது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று எந்தெந்தக் கடையிலோ வாங்கி எந்தெந்த வீட்டிலோ பொரித்துத் தின்றிருப்பார்கள். அவர்களுக்காக அக்டோபரிலிருந்து பதினோரு மாதம் பாக்கெட்டை 103ல் நிறுத்தினேன். இது நாலு மடங்கு இல்லை. எடுத்ததை எடுத்தபடி வைத்தேன், அவ்வளவுதான். அதே ஆட்களுக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெண்களின் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, சிவப்பு மையில் என் கையெழுத்தே இருக்கிறது. பழைய நோட்டுகளைத் தேடி எடுத்ததில் மூன்று வருடத்துக் கணக்கு கிடைத்தது. குறை என்று வெட்டியது மொத்தம் 38,720 ரூபாய். அதில் யாராவது உண்மையிலேயே மாவு எடுத்திருக்கலாம். எது வெயில், எது கை என்று பிரிக்க என்னிடம் வழி இல்லை. இங்கே மட்டும் சகேயுவின் கணக்கையே எடுத்துக்கொண்டேன். நாலு மடங்கு: 1,54,880 ரூபாய். என் கணவரின் காரை விற்றேன். அந்தக் கார் எனக்கு ஓட்டத் தெரியாது. ஐந்து வருடமாக வாரம் ஒருமுறை துடைத்துவைத்திருந்தேன், அவ்வளவுதான். கொண்டுபோனவர் சீட்டின் அடியில் கிடந்த என் கணவருடைய குடையை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை முதல் தவணை கொடுத்தேன். எல்லோரையும் உட்காரவைத்து, எதற்காக இந்தப் பணம் என்று சொன்னேன். 97 கிராம் விஷயத்தையும் சொன்னேன். சொல்லும்போது குரல் நிற்கவில்லை. யாரும் கண்ணீர்விட்டு என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி வந்து நாலைந்து வருடம் இருக்கும், “அப்ப அதுக்கு முந்தி வெட்டுனது?” என்று கேட்டார். அதற்கு முந்தைய நோட்டு இல்லை என்றேன். “நோட்டு இல்லாட்டி வெட்டலன்னு ஆயிருமா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சிந்தாமணி அக்கா பணத்தை இரண்டு தடவை எண்ணி, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரத்து மாவு எத்தனை கிலோ என்று கேட்டார்.

இதில் இன்னொரு கஷ்டமும் வந்து சேர்ந்தது. நான் கொடுத்ததெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. தீபாவளிக்கு அதைச் செலவழிக்காமல் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணத்துக்கென்று அரிசிப் பானையில் எடுத்துவைத்தவர்கள் ஏழெட்டுப் பேர். நவம்பர் 8ம் தேதி ராத்திரி அந்த நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பேங்க் வாசலில் நின்றார்கள். பட்டறையின் நடப்புக் கணக்கில் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்க முடியும்; அது அந்த வாரத்துக் கூலிக்கே சரியாகப் போய்விடும். மிச்சத் தவணைகளை ஜனவரிக்கு மேல்தான் கொடுக்க முடிந்தது. வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுக்க அந்த இரண்டு மாதம் அலைந்தேன்.

அந்த நாட்களில் ஜே.சி. குமரப்பாவைப் பற்றி நிறைய யோசித்தேன். தஞ்சாவூரில் 1892ல் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் நல்ல வருமானத்தோடு ஆடிட்டராக இருந்தவர். 1929ல் காந்தியைச் சந்தித்த பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டுக் கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் இருந்தார். 1960 ஜனவரி 30ம் தேதி மதுரையில் இறந்தார். என் அப்பா சின்ன வயதில் என்னை அந்த ஆசிரமத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அப்போது எனக்கு அது ஒரு மரநிழல், அவ்வளவுதான். விலை கொடுத்துவிட்டோம் என்பதோடு வாங்குகிறவன் பொறுப்பு தீராது, அந்தப் பொருள் எந்தக் கைகள் வழியாக, எப்படி வந்தது என்பதிலும் அவனுக்குப் பங்கு உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். வணிகவியல் ஆசிரியையாக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் ஒரு ஆடிட்டர் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. வேதத்தை அவர் ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார் என்று நினைக்கிறேன். வரவுப் பக்கம் எழுதினால் பற்றுப் பக்கமும் எழுத வேண்டும். நான் இத்தனை வருடம் விசுவாசத்தை வீட்டிலும், கணக்கைப் பட்டறையிலும் வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயத்தையும் அப்போது நிறுத்தினேன். பட்டறைக்கு வந்த மறு வருடமே வெள்ளிக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஜெபக்கூட்டம் ஆரம்பித்திருந்தேன். முப்பத்துநாலு பேரில் கிறிஸ்தவர்கள் ஆறு பேர். மற்றவர்களும் வந்து உட்காருவார்கள், பாட்டுக்குக் கை தட்டுவார்கள். அதை நான் ஊழியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கூலி கொடுக்கிற கையாலேயே வேதத்தையும் நீட்டினால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மீனாட்சி அம்மன் கோயிலுக்கும் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கும் போகிற பெண்கள் என் முன்னால் கை தட்டியது எனக்காகத்தான், ஆண்டவருக்காக இல்லை. இதை எழுதினால் சபையில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமை நாங்கள் ஏழு பேர் மட்டும் வேலை ஆரம்பிக்கும் முன்னால் மாடியில் ஜெபிக்கிறோம்.

பட்டறைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாக்கெட் விலையை இரண்டு ரூபாய் ஏற்றினேன். எடுக்கிற கடைகள் குறைந்தன. தேனிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரி, “90 கிராம்னு அச்சடிச்சிட்டுப் பழைய விலைக்கே குடுங்கம்மா, அதுல என்ன தப்பு” என்றார். அச்சடித்துக் குறைத்தால் அது திருட்டு இல்லை. அவர் சொன்னது நியாயமான யோசனைதான். ஆனாலும் அந்த நேரத்தில் எந்த வகையிலும் எடையைக் குறைக்க என் மனம் துணியவில்லை. அவர் வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் நஷ்டம். இருபத்திரண்டு பேருக்குக் கொடுத்த மாவைக் கொஞ்ச நாள் பதினேழு பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது. முறை வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தோம். நான் செய்த தப்புக்கு அவர்களும் வேலை இழந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வலிக்கிற இடம். மனந்திரும்புகிறவன் மட்டுமே விலை கொடுப்பதாக நாம் பேசுகிறோம். ஒரு பட்டறையை நடத்துகிறவள் மனந்திரும்பினால் அந்த விலை எல்லோர் வீட்டு அடுப்பிலும் தெரிகிறது. அதற்காக 97லேயே இருந்திருக்கலாமா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடுகிற பிரசங்கங்களை இப்போது என்னால் கேட்க முடிவதில்லை.

கூலி வெட்டுவதை அடியோடு எடுத்துவிட்டோமா? இல்லை. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடு சிந்தாமணி அக்காவினுடையது. ஒவ்வொரு நாளும் அன்றைய மாவில் ஒரு கிலோவைப் பட்டறையிலேயே தேய்த்து, எங்கள் மொட்டை மாடியில் அதே வெயிலில் காயவைக்கிறோம். அதற்கு மாதிரித் தட்டு என்று பெயர். மறுநாள் காலையில் முதலில் அதை எடை போடுவோம். அது எவ்வளவு வருகிறதோ அதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் கணக்கு. சித்திரையில் அது 730க்கு வரும், ஐப்பசி மூட்டத்தில் 780ஐத் தாண்டும். என் கணவர் போட்ட கணக்கு தை மாதத்துக்குச் சரி. வருடம் முழுவதற்கும் அதையே வைத்ததுதான் தப்பு. இத்தனை எளிய வழி, பட்டப்படிப்பு படித்த என் மண்டையில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. கேட்டபோது, “நீங்க கேக்கலையே டீச்சர்” என்றார்.

அந்தத் தட்டு வந்ததிலிருந்து இத்தனை வருடத்தில் வெட்ட வேண்டி வந்தது நாலைந்து தடவைதான்.

இன்னொன்றும் அவர் கேட்டு வாங்கியது. சனிக்கிழமை கூலி போடுவதற்கு முன்னால், பாக்கெட் போட்ட பெட்டிகளில் அவருக்குப் பிடித்த பெட்டியிலிருந்து அவருக்குப் பிடித்த ஐந்து பாக்கெட்டை எடுத்து அந்தத் தராசில் வைப்பார். ஐந்தும் சேர்த்து 500க்குக் குறையக் கூடாது. குறைந்தால் அன்றைக்கு அந்தப் பெட்டி கடைக்குப் போகாது. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. தேய்க்கிற வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனால் சனிக்கிழமை மட்டும் பேத்தியின் ஸ்கூட்டியில் வந்துவிடுகிறார். அந்த நேரத்துக்கு ஒரு நாள் கூலி கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை 498 வந்தது. பாக்கெட் போடுகிற பெண், “ரெண்டு கிராம்தான அத்தை, தராசு ஆடுது” என்றார். அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தராசைத் துடைத்தார். ஐந்தையும் எடுத்துவிட்டு எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்துத் திரும்பவும் வைத்தார். 498. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். அறுபது பாக்கெட், மூன்று பேர் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வாயை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு அப்பளம் சேர்த்துத் திரும்ப ஒட்டி முடிக்கும்போது நாலே கால் ஆகிவிட்டது. அன்றைக்கு மட்டும் கூலி மூன்று மணிக்குப் போட முடியவில்லை.